பதினான்கு வீட்டுக்கு ஒரு தோட்டம்

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, பதினான்காம் வீட்டின் வண்டி ஷெட்டில் தெருச் சங்கத்தின் அவசரக் கூட்டம் கூடியது. வந்திருந்தவர்களும் அவர்கள் உட்கார்ந்திருந்த இடங்களும் பின்வருமாறு. சங்கத் தலைவர் ஞானதிரவியம், வீடு எண் ஒன்று, ஒரு ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியின் மேல். அந்த ஃப்ரிட்ஜ் செத்து இரண்டு வருடமாகிறது, பெட்டி மட்டும் உயிரோடிருந்தது. செவ்வாயில் மனிதனின் எடை பூமியில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். ஆகவே அட்டைப்பெட்டி தலைவரைத் தாங்கியது. மீரான், வீடு எண் எட்டு, உடற்பயிற்சி சைக்கிளின் சீட்டில். சைக்கிளின் கைப்பிடியில் ஐந்து பனியன்கள் காய்ந்துகொண்டிருந்தன. அருணாசலவடிவு, வீடு எண் மூன்று, வாசலோரம், தானே கையோடு கொண்டுவந்த முக்காலியில். அடுத்தவர் வீட்டுச் சாமான்களை அந்த அம்மாள் நம்புவதில்லை. வீட்டுக்காரி இசக்கி, கல்லாய் இறுகிப்போன அரை மூட்டை சிமென்ட்டின் மேல், ஒரு தலையணை போட்டு. அவளுக்கு ஐந்து மாதம். அவள் கணவன் கோமதிநாயகத்துக்கு இடம் கிடைக்கவில்லை. தெர்மகோல் அடுக்குகளுக்கு நடுவே நின்றான். தலை மட்டும் தெரிந்தது. மற்றப் பத்து வீட்டாரும் வெளியே தெருவில், கோமதிநாயகத்தின் வண்டியில் சாய்ந்து நின்றார்கள். வண்டி தெருவில்தான் நின்றது. எல்லார் வண்டியும் தெருவில்தான் நிற்கும். ஷெட்டில் இடமிருந்தால்தானே!

ஊரின் பெயர் புதுப்பாளை. செவ்வாய்க் கிரகத்தில், மூன்று கண்ணாடிக் கூரைகளுக்கு அடியில் இருக்கிற ஊர். இங்கே காற்று தானாக வீசுவதில்லை. நிலத்தடிப் பனிக்கட்டியை வெட்டியெடுத்து, உருக்கி, பிளந்து, காற்றுக்கூடம் என்ற எந்திரத்தில் மூச்சுக்காற்றாக்கிக் குழாய் வழியே வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். காற்றுக்கூடம் ஒருநாள் நின்றுவிட்டால் என்ன செய்வது? அதற்குத்தான் குடியேற்றச் சட்டம் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு ஏற்பாடுகளைச் செய்து வைத்திருந்தது. ஒன்று, இடுக்கில்லாமல் மூடிக்கொள்ளும் வண்டி ஷெட். ஆபத்து வந்தால் வீட்டார் அதற்குள் நுழைந்து, கதவை இறுக்கி, வண்டியின் காற்றைத் திறந்துவிட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு, புழக்கடையில் காய்கறித் தோட்டம். ஷெட்டும் தோட்டமும் சேர்ந்தால் ஒரு குடும்பம் பதினாறு நாள் தாக்குப்பிடிக்கும் என்பது சட்டத்தின் கணக்கு.

காற்றுக்கூடம் இதுவரை ஒருநாளும் நின்றதில்லை. எனவே ஷெட்டுகளில் அட்டைப்பெட்டிகள் சேர்ந்தன. தோட்டங்களில் துணி காய்ந்தது.

தொடக்கத்தில் இப்படி இல்லை. கோமதிநாயகமும் இசக்கியும் இந்த வீட்டுக்கு வந்த முதல் வருடம் ஆறு பைகளில் மண் நிரப்பித் தக்காளி போட்டார்கள். முதல் தக்காளியை ஒன்பது கோணங்களில் படம் எடுத்து, 'நம்ம தோட்டம்' என்ற தெருக் குழுவில் போட்டார்கள். மற்றப் பதின்மூன்று வீட்டாரும் கைகூப்பினார்கள். இரண்டாம் வருடம் மையப் பண்ணை வீட்டுக்கே காய்கறி அனுப்பத் தொடங்கியது. பொத்தானை அழுத்தினால் பறக்கும் கூடை பத்து நிமிடத்தில் வெண்டைக்காயைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போகும். குழு மட்டும் இன்னும் நடந்துகொண்டிருந்தது. தினமும் காலையில் அதில் ஒரு ரோஜாப்பூவும் நல்வாழ்த்தும் வரும்.

தலைவர் ஞானதிரவியம் அறிவிப்பை வாசித்தார். திங்கட்கிழமை காலை எட்டு மணி முதல் இந்தத் தெருவில் வீட்டுத் தகுதி ஆய்வு. தோட்டத்துக்கு அறுபது மதிப்பெண், ஷெட்டுக்கு நாற்பது. அறிவிப்பு வந்து மூன்று மாதமாகியிருந்தது. அவர் நேற்றுத்தான் பிரித்தார்.

"அண்ணாச்சி, மூணு மாசமா அத என்ன அடைகாத்தியளா?" என்றார் மீரான், சைக்கிளை மிதித்துக்கொண்டே.

"எல்லாருக்குந்தான் அனுப்பியிருக்கான். நீரு பிரிச்சீராவே?"

மீரான் மிதிப்பதை நிறுத்தவில்லை. வேகத்தைக் கூட்டினார்.

ஐம்பது வாங்கினால் வீட்டில் தொடர்ந்து இருக்கலாம். ஐம்பதை எப்படியாவது தேற்றிவிடலாம் என்று பதின்மூன்று வீட்டாருக்கும் நம்பிக்கை இருந்தது. இசக்கிக்கு அது போதாது. புதிதாக ஓர் உயிர் பிறக்கப்போகிற வீடு எழுபது வாங்க வேண்டும். எழுபது வாங்கினால்தான் மூச்சுச் சீட்டு தருவார்கள். மூச்சுச் சீட்டு இல்லாத குழந்தை மேல்தளத்து வீட்டில் வசிக்க முடியாது. பெற்றோர் குழந்தையோடு கீழ்த்தளச் சுரங்கத்துக்குப் போய்விட வேண்டும். வீடு வரிசையில் அடுத்திருப்பவருக்குப் போகும். கீழ்த்தளம் எப்படியிருக்கும் என்று இசக்கிக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அங்கே ஒன்பது வருடம் இருந்திருக்கிறாள். நூற்றிருபது குடும்பங்களுக்கு ஒரே கூடம், சுவருக்குப் பதில் திரைச்சீலை. பக்கத்துக் குடும்பத்தின் சண்டையை முதல் பாதி விட்டுப்போனாலும் இரண்டாம் பாதியிலிருந்து பிடித்துக்கொள்ளும் அளவுக்குப் பழகியிருந்தாள்.

"எம் பிள்ளைய நான் திரைக்குப் பொறத்தால வச்சி வளக்க மாட்டேன்" என்றாள் இசக்கி. "என்ன செய்யணும்னு சொல்லுங்க, செய்யுதேன்."

"செடி வளக்கணும்" என்றார் அருணாசலவடிவு. "ரெண்டு நாள்ல எதும்மா வளரும்? வயித்தெரிச்சல்தான் வளரும்."

அந்தத் தெருவில் உண்மையான தோட்டம் அவர் வீட்டில் மட்டும்தான் இருந்தது. பதினொரு கத்தரி, ஐந்து தக்காளி, ஒரு முருங்கைக் கன்று, ஒரு சிறு பந்தலில் சுரைக்கொடி. எல்லாம் தொட்டிகளில். அருணாசலவடிவு பனிச்சுரங்கத்தில் முப்பது வருடம் துளைப்பான் ஓட்டி ஓய்வு பெற்றவர். மண்ணை நோண்டாமல் அவருக்குக் கை சும்மா இருக்காது. தெரு அவரைக் கொஞ்சம் விசித்திரமானவர் என்று வைத்திருந்தது.

இசக்கி தலையணையோடு சிமென்ட் மூட்டையை விட்டு எழுந்தாள்.

"யக்கா, கல்யாண வீடுன்னு வந்து அண்டா கேட்டா இல்லைன்னு சொல்லுவியளா?"

"சொல்ல மாட்டேன். அண்டா எங்க போனாலும் அண்டாவாத்தான் திரும்பி வரும்."

"செடியும் அப்பிடியே திரும்பி வரும்க்கா. ஒரு நாளைக்கு. ஒங்க வீட்டுல பாத்து முடிச்சதும் மத்த வீட்டுக்கு."

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். திட்டம் இருபது நிமிடத்தில் உருவானது. அந்தத் தெருவில் எந்தத் திட்டமும் அவ்வளவு வேகத்தில் உருவானதில்லை.

ஆய்வு எந்திரம் ஒரு வீட்டில் இருபது நிமிடம் செலவிடும். வெளியே வந்து, சக்கரங்களில் ஒட்டிய செம்மண் தூசியை உறிஞ்சியெடுக்க எட்டு நிமிடம் நிற்கும். பிறகு அடுத்த வீடு. எல்லா வீடுகளின் புழக்கடைக்குப் பின்னாலும் குழாய்கள் ஓடுகிற சந்து ஒன்று உண்டு. அந்த எட்டு நிமிடத்தில் தொட்டிகள் சந்து வழியே அடுத்த வீட்டுக்குப் போய்விட வேண்டும். முதல் வீட்டுக்கு முந்தின நாளே போய்விடலாம்.

"தோட்டம் சரி. ஷெட்டு?" என்று தெர்மகோலுக்கு நடுவிலிருந்து கோமதிநாயகத்தின் தலை கேட்டது. "இம்புட்டையும் எங்க கொண்டுபோயி கொட்ட? தூரப் போட மனசு வருமா? எல்லாம் பூமியிலருந்து வந்த சாமான்."

இதற்கும் வழி கிடைத்தது. ஆய்வு முடிந்த வீட்டின் ஷெட்டை எந்திரம் மறுபடி திறந்து பார்க்காது. எனவே அடுத்தடுத்த வீட்டுச் சாமான்களை முடிந்த வீட்டு ஷெட்டுகளில் அடைத்துவிடலாம். முதல் வீட்டுச் சாமான்களை மட்டும் ஆய்வு முடியும்வரை சந்தில் போட்டுப் படுதா மூட வேண்டும். செடி முன்னால் போகும், சாமான் பின்னால் வரும்.

அருணாசலவடிவு நான்கு நிபந்தனைகள் போட்டார். காயைப் பறிக்கக் கூடாது. தொட்டியைக் காதைப் பிடித்துத் தூக்கக் கூடாது. ஒவ்வொரு வீட்டிலும் தொட்டிக்கு ஒரு குவளை தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊர்வலம் முழுவதும் அவர் கூடவே வருவார்.

"சாமியோட பூசாரி வரத்தான செய்யணும்" என்றார் மீரான்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு எந்திரம் வந்தது. இடுப்பளவு உயரம், நான்கு சக்கரம், நீண்ட கழுத்தின் முனையில் ஒரு கண், இரண்டு மெல்லிய கைகள். தெருவில் அதற்கு ஆபீசர் என்று பெயர். பாடப்புத்தகத் தமிழில் பேசும். யாரையும் திட்டாது. அதனாலேயே எல்லோரும் அதற்குப் பயப்பட்டார்கள்.

முதல் வீட்டில் ஞானதிரவியம் தோட்டத்துக்கு நடுவே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் களைக்கொத்தியோடு நின்றார். களைக்கொத்தியைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். ஆபீசர் ஒவ்வொரு இலையாகக் கண்ணைக் கொண்டுபோய்ப் பார்த்தது. "கத்தரிக்கு என்ன உரம் இடுகிறீர்கள்?" என்று கேட்டது.

"அதுக்கு... அது என்ன கேக்குதோ அதக் குடுத்துருவோம்" என்றார் தலைவர்.

எண்பத்தொன்று கிடைத்தது.

பிறகு சந்தில் நடந்ததை ஓட்டம் என்பதா, ஊர்வலம் என்பதா தெரியவில்லை. சுரைப்பந்தலை நான்கு பேர் சப்பரம் தூக்குவதுபோல் தோளில் தூக்கிப் போனார்கள். கத்தரிகள் தலையாட்டிக்கொண்டு இரண்டிரண்டாகச் சென்றன. எதிர்த்திசையில் மெத்தைகளும், பல்லில்லாத சக்கரங்களும், கண்ணாடி உடைந்த தலைக்கவசங்களும், யாருடைய கல்யாணத்துக்கோ கட்டிய ஜிகினா வளைவும் வந்தன. சந்து இரண்டு முழ அகலம். ஐந்தாம் வீட்டருகே ஒரு தக்காளித் தொட்டியும் ஒரு கட்டிலும் நேருக்கு நேர் வந்து நின்றன. கட்டில் வழிவிடவில்லை. தக்காளி இரண்டு கிளைகளை இழந்து முன்னேறியது.

"ஏலே, அது செடிலே! ஒன் வீட்டு அண்டா இல்ல!" என்று அருணாசலவடிவு கத்தினார்.

நிபந்தனைகளில் மூன்றாவது ஒன்றுதான் ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்பட்டது. அதுவே வினையாகவும் ஆனது. வீட்டுக்கு ஒரு குவளை என்றால் எட்டாம் வீட்டுக்குள் எட்டுக் குவளை. ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் கடமையைக் குறைவில்லாமல் செய்திருந்தார்கள். தொட்டிகள் கனத்தன, மண் சேறானது, கத்தரியின் வேர்கள் ஆட்டம் கண்டன. மீரான் வீட்டில் ஆபீசர் நுழையும்போது முருங்கைக் கன்று சாய்ந்திருந்தது. மீரான் அதன் பக்கத்தில் அதே கோணத்தில் சாய்ந்து நின்றுகொண்டார். எழுபத்தாறு கிடைத்தது.

பதினொன்றாம் வீட்டில் எழுபத்திரண்டு. பன்னிரண்டில் அறுபத்தெட்டு. பதின்மூன்றில் அறுபத்தொன்று.

இசக்கி ஒவ்வொரு எண்ணையும் சந்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எண் இறங்க இறங்க அவள் முகமும் இறங்கியது. வரிசையில் கடைசி வீடு அவளுடையது. மணி இரண்டைத் தொட்டபோது தோட்டம் அவள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. பதினொரு கத்தரிகளில் நான்கு நின்றன, மற்றவை உட்கார்ந்திருந்தன. சுரைக்கொடி பந்தலிலிருந்து நழுவித் துண்டுபோல் தொங்கியது. தக்காளிகள் காம்போடு உதிர்ந்து தொட்டிக்குள் கிடந்தன.

"போச்சு" என்றான் கோமதிநாயகம்.

"வாயக் கழுவுங்க" என்றாள் இசக்கி. "நூல் எடுத்துட்டு வாங்க."

எட்டு நிமிடத்தில் பாதி மிச்சமிருந்தது. கல்யாணங்களில் மணப்பெண்ணுக்குப் பூச்சடை தைத்துப் பழகியவள் அவள். உதிர்ந்த தக்காளி ஒன்பதையும் கிளைகளில் வைத்துக் கட்டினாள். கத்தரிச் செடிகளுக்குப் பின்னால் குச்சி நட்டு நிமிர்த்திக் கட்டினாள். சுரைக்கொடியைக் கொடிக்கயிற்றோடு சேர்த்துப் பின்னினாள். வீட்டில் இருந்தது சிவப்பு நூல் மட்டும்தான். கோமதிநாயகம் கடைசி தெர்மகோலைச் சந்தில் தள்ளிக் கதவை மூடினான். ஷெட் முழுவதும் காலியாகி, பேசினால் எதிரொலித்தது. தன் வீட்டில் இவ்வளவு இடம் இருந்தது என்று அவனுக்கு அன்றுதான் தெரிந்தது.

ஆபீசர் உள்ளே வந்தது. ஷெட்டைப் பார்த்தது. தோட்டத்துக்குப் போனது. முதல் தக்காளிக்கு அருகில் கழுத்தை நீட்டி, ஒரு விரலால் பழத்தைத் தொட்டது. பழம் அரை வட்டம் சுற்றியது. சிவப்பு முடிச்சு முன்னால் வந்து நின்றது.

இசக்கி கையெடுத்துக் கும்பிட்டாள்.

"ஆபீசர் அய்யா, பொய் சொல்லப் போறதில்ல. இதெல்லாம் மூணாம் வீட்டு அக்கா செடி. நாந்தான் கேட்டேன். மத்த வீட்டுக்காரங்கள ஒண்ணும் செஞ்சிராதிய. எனக்கு ஒரு சீட்டு வேணும், அதுக்காவ."

"தெரியும் அம்மா" என்றது ஆபீசர்.

"என்ன தெரியும்?"

"மனிதருக்குக் கைரேகை போல இலைக்கு நரம்பு. முதல் வீட்டில் பார்த்த கத்தரியின் நான்காவது இலையை இன்று பதினான்கு முறை பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் களைத்திருந்தது."

கோமதிநாயகம் சுவரோடு ஒட்டிக்கொண்டான். சந்தில் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த பதின்மூன்று வீட்டாரும் மூச்சை அடக்கினார்கள்.

"உங்கள் வீட்டுக்குத் தொண்ணூற்றாறு மதிப்பெண்" என்றது ஆபீசர்.

இசக்கி அதைக் கேலி என்று நினைத்தாள். ஆபீசருக்குக் கேலி தெரியாது. அது பொறுமையாக விளக்கியது.

"என்னை உருவாக்கியவர்கள் ஆய்வு என்றால் என்ன என்று எனக்குச் சொல்லித்தரவில்லை. பூமியில் நூற்றைம்பது ஆண்டுகளில் நடந்த இரண்டு லட்சம் ஆய்வுகளின் பதிவுகளைக் கொடுத்து, நீயே கற்றுக்கொள் என்றார்கள். கற்றேன். ஆய்வுக்கு முந்தின நாள் மரத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். பூட்டிக் கிடந்த ஆய்வகத்துக்கு அடுத்த ஊர்ப் பள்ளியிலிருந்து கண்ணாடிக் குழல்கள் வருகின்றன. மருத்துவமனைக் கட்டில்களில் ஒரே விரிப்பு ஒவ்வொரு தளமாக அதிகாரிக்கு முன்னால் ஓடுகிறது. பார்க்க வந்தவருக்கும் தெரிந்திருக்கிறது, காட்டியவருக்கும் தெரிந்திருக்கிறது. இருவரும் தேநீர் அருந்திக் கையெழுத்திட்டிருக்கிறார்கள். ஆகவே ஆய்வு என்பது செடி இருக்கிறதா என்று பார்ப்பது அல்ல, ஆய்வுக்காகச் செடி கொண்டுவரும் அளவுக்கு மக்கள் ஆய்வை மதிக்கிறார்களா என்று பார்ப்பது எனப் புரிந்துகொண்டேன். மற்ற வீடுகளில் செடியை வைத்துவிட்டு நின்றார்கள். நீங்கள் காயைக் கட்டியிருக்கிறீர்கள். இவ்வளவு மரியாதை எனக்கு இதுவரை யாரும் செய்ததில்லை."

"அப்ப நாலு எதுக்குக் கொறச்சிய?" என்று சந்திலிருந்து மீரானின் குரல் கேட்டது.

"நூல் பச்சையாக இருந்திருக்கலாம்" என்றது ஆபீசர்.

இசக்கி அழவும் சிரிக்கவும் ஒன்றாக முயன்று, இரண்டும் சரியாக வராமல், "சீட்டு?" என்றாள்.

"சீட்டில் ஒரு சிரமம் இருக்கிறது. எல்லோரையும் கூப்பிடுங்கள்."

மூன்று மணிக்குக் கூட்டம் மறுபடி கூடியது. இந்த முறை எல்லோரும் ஷெட்டின் தரையில் உட்கார்ந்தார்கள். உட்கார அங்கே வேறொன்றும் இல்லை. அருணாசலவடிவு மட்டும் வெளியே தம் கத்தரிகளின் பக்கத்தில் உட்கார்ந்து, கட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தார். கதவு திறந்திருந்ததால் பேச்சு அவருக்கும் கேட்டது.

ஆபீசர் சொன்னது இதுதான். மூச்சுச் சீட்டு வழங்கும் அதிகாரம் மையப் பண்ணைக்கு உரியது; ஆபீசரை அனுப்பியதும் அதுதான். அந்த மையப் பண்ணையையே ஆய்வு செய்யப் பூமியிலிருந்து ஒரு குழு வந்திருக்கிறது. இப்போது செவ்வாயைச் சுற்றிக்கொண்டிருக்கும் நிலையத்தில் தங்கியிருக்கிறது. இருபத்தாறாம் நாள் கீழே இறங்கும். பண்ணை தேறாவிட்டால் அது கொடுத்த சீட்டுகளும் இனிக் கொடுக்கப்போகும் சீட்டுகளும் செல்லாது.

"பண்ணை தேறாம என்ன? நாலு ஏக்கர் இருக்குன்னு படத்துல காட்டுதாவளே" என்றார் ஞானதிரவியம்.

"நான்கு ஏக்கர் இருக்கிறது. செடி இல்லை."

"அப்ப நாங்க வாங்குத காய்கறி?"

"பாசிக் கூழ். அச்சில் வார்த்துச் சாயம் ஏற்றுகிறோம்."

கோமதிநாயகம் கை தூக்கினான். "நேத்து எங்க வீட்டுல கத்தரிக்கா கொழம்பு."

"பாசி."

"நல்லாருந்துச்சே. காம்பு கூட இருந்துச்சே!"

"காம்பு காகிதம்."

மீரான் மட்டும் சிரித்தார். பிறகு தன் வீட்டில் முந்தாநாள் என்ன சமையல் என்று யோசித்து, சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"நாலு ஏக்கர்ல ஒரு செடி வைக்க ஒங்களுக்குத் தோணலையா?" என்று இசக்கி கேட்டாள்.

"பண்ணையை நடத்துபவர்கள் நாற்பது எந்திரங்கள். எல்லோரும் என்னைப் போலவே அந்தப் பதிவுகளில் பயின்றவர்கள். ஆய்வுத் தேதி தெரியும்வரை எந்த வேலையும் தொடங்குவதில்லை என்பதே பதிவுகளில் கண்ட வழக்கம். தேதி நேற்றுத்தான் தெரிந்தது." ஆபீசரின் கண் தாழ்ந்தது. "ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தப் பதினெட்டுத் தொட்டிகளையும் எங்களுக்கு ஒருநாள் இரவல் தர முடியுமா?"

வாசலுக்கு வெளியிலிருந்து அருணாசலவடிவின் பதில் வந்தது. "பதினெட்டுல உயிரோட இருக்கது ஆறு. இனி இதத் தொட்டா தொட்டவன் கையில துளைப்பானப் போட்ருவேன்."

ஆபீசர் அதைக் குறித்துக்கொண்டது.

சற்று நேரம் கழித்து அவரே உள்ளே வந்தார். கையெல்லாம் சேறு. கோபம் இறங்கியிருந்தது. "இருவத்தாறு நாள் இருக்குல்லா?" என்றார். "சிறுகீரை இருவத்திரண்டு நாள்ல பறிப்புக்கு வந்துரும். எங்கிட்ட ஒரு பிடி வெத கெடக்கு. மேல வேணும்னா நெலையத்துல கேப்போம். ஆளுக்கு நாலு பாத்தி போட்டா பதினாலு வீடும் பச்சையாயிரும். பண்ணையிலயும் தூவலாம். கடனும் வேண்டாம், கட்டவும் வேண்டாம். இசக்கி, ஒம் பிள்ளைக்கு நெசமாவே மூச்சு விட எல இருக்கும்."

அந்தத் தெருவுக்கு அது வரை யாரும் சொல்லாத யோசனை அது. எல்லோரும் அதை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தார்கள்.

"நல்ல யோசனைதான்" என்று தலைவர் தொடங்கினார். அவர் அப்படித் தொடங்கினால் அந்த யோசனை முடிந்தது என்று அர்த்தம். "ஆனா இந்த வருசம் வளத்துட்டோம்னு வைங்க. அடுத்த வருசமும் வளக்கச் சொல்லுவான்."

"துணிய எங்க காயப்போட?" என்றார் மீரான்.

"ஈர மண்ணு வாசம் எனக்கு ஆவாது" என்றான் கோமதிநாயகம்.

எல்லோரும் இசக்கியைப் பார்த்தார்கள். சீட்டு அவளுக்கு வேண்டியது. அவள் எந்தப் பக்கம் சொல்கிறாளோ அந்தப் பக்கம் கூட்டம் சாயும். அவள் அருணாசலவடிவின் சேற்றுக் கையைப் பார்த்தாள். தன் முதல் வருடத்துத் தக்காளியையும் நினைத்தாள். ஆறு பையில் ஒரு பைதான் காய்த்தது.

"அக்கா சொல்லுதது நாயம்தான்" என்றாள். "ஆனா வெதச்சு, மொளைக்கலைன்னா? பூச்சி விழுந்தா? இருவத்தாறு நாளும் நான் மண்ணப் பாத்துக்கிட்டே வயித்தப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கணும். கடன் வாங்குனதுன்னா கையில வரும்போதே வளந்து வருது." ஆபீசரிடம் திரும்பினாள். "ஆபீசரே, அந்தக் குழு தங்கியிருக்க நெலையத்துல தோட்டம் இருக்கா?"

"நான்கு தளம்."

"நெசச் செடியா?"

"மனிதர்கள் பார்த்துக்கொள்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள்."

"அப்ப அவங்கட்டயே கேப்போம்."

மீரான் தரையில் தட்டினார். "ஏ தாயி! ஆய்வு பண்ண வாரவன்ட்டயேவா செடி கேக்கது?"

"எங்க அக்கா கல்யாணத்துல சேர் பத்தலைன்னு மாப்பிள்ள வீட்டுலருந்துதான் எடுத்துட்டு வந்து போட்டோம். அவங்க சேர்லயே அவங்க உக்காந்தாவ. ஒரு கொறையும் சொல்லல."

எல்லோரும் ஆபீசரைப் பார்த்தார்கள். அது தன் இரண்டு லட்சம் பதிவுகளையும் ஒருமுறை புரட்டியது. அதற்கு நான்கு வினாடி ஆனது. எந்திரத்துக்கு அது நெடுநேரம்.

"இதற்கு முன்மாதிரி இல்லை" என்றது. பிறகு, "இதற்குத் தடையும் இல்லை" என்றது. "ஆனால் எந்திரம் கையெழுத்திட்ட கடிதத்தைக் குழு வாங்காது. தாளில், மனிதர் கையால் எழுதி, அரக்கு முத்திரை வைத்து வர வேண்டும். நிலையத்துக்குப் போகும் அஞ்சல் ஓடம் நான்கரைக்குப் புறப்படுகிறது."

இசக்கியின் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். தலைவர் சொல்லச் சொல்ல, ஷெட்டின் தரையில் தாளை விரித்து அவளே எழுதினாள். கடிதம் இவ்வாறு இருந்தது.

"பெறுநர்: உயர்திரு ஆய்வுக் குழுத் தலைவர் அவர்கள், சுற்றுநிலையம். மதிப்பிற்குரிய ஐயா, தாங்கள் எங்கள் ஊர் மையப் பண்ணையை ஆய்வு செய்ய வருவதறிந்து அளவற்ற மகிழ்ச்சி அடைந்தோம். தாங்கள் வரும்போது தங்கள் நிலையத் தோட்டத்திலிருந்து இருநூறு தொட்டிச் செடிகளைக் கூடவே கொண்டுவந்தால், தாங்கள் ஆய்வு செய்வதற்கு மிகவும் வசதியாக இருக்கும். கத்தரி, தக்காளி, வெண்டை எதுவானாலும் சரி. காய்த்தவையாக இருந்தால் நலம். ஆய்வு முடிந்ததும் அவற்றைத் துடைத்து, தாங்கள் புறப்படும் ஓடத்திலேயே பத்திரமாக ஏற்றிவிடுவோம் என்று உறுதி கூறுகிறோம். தங்கள் வருகையால் எங்கள் பண்ணை செழிக்கும். இங்ஙனம், தெருச் சங்கத்தார்."

பதினான்கு வீட்டாரும் கையெழுத்திட்டார்கள். அருணாசலவடிவும் போட்டார். தாளில் சேறு ஒட்டியது.

"ஏட்டி, அடியில ஒரு வரி சேரு" என்றார் அவர். "வாரவாக்குல ஒரு கால் கிலோ கீரை வெதயும் கொண்டாரச் சொல்லு. ஓடத்துல அது ஒரு மூலையில கெடக்கும்."

இசக்கி பேனாவை எடுத்தாள். தாளின் அடியில் இரண்டு விரல் இடம் மிச்சமிருந்தது. யோசித்துப் பார்த்தாள்.

"வெத எதுக்குக்கா?" என்றாள். "அதான் வளந்ததே வருதே."

தாளை மூன்றாக மடித்து உறைக்குள் போட்டாள். ஆபீசர் விரல் நுனியைச் சூடாக்கி அரக்கை உருக்கி ஊற்றியது. கோமதிநாயகம் சங்க முத்திரையை அழுத்தினான். நான்கு மணி இருபத்தைந்துக்கு உறை சுவரிலிருந்த அஞ்சல் குழாய்க்குள் போனது. உறிஞ்சும் ஓசை ஒன்று எழுந்தது. கடிதம் போய்விட்டது.